சாம்பலுக்கு அடியில் சேறு

எண்ணூர்க் கழிமுகத்தில் நீர் வற்றும் நேரத்தில் தலைகாட்டும் திட்டுகளில் ஒரு சாண் தோண்டினால் இரண்டு மண் கிடைக்கும். மேலே வெளிர்சாம்பல் நிறத்தில் ஒரு படிவு. ஈரத்தில் காலை வழுக்கும், காய்ந்தால் காற்றில் பறக்கும், வாசனை என்று எதுவும் இராது. அதற்கு அடியில் கருஞ்சேறு. தோண்டிய உடனே அழுகிய முட்டை வாடை குப்பென்று ஏறும். பார்ப்பவர் கண்ணுக்கு மேல் மண் சுத்தமாகவும் கீழ் மண் அசுத்தமாகவும் தெரியும். உண்மை நேர் எதிரானது.

அந்த வாடை ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வாயு. காற்றுப் புகாத சேற்றில் வாழும் சில பாக்டீரியாக்கள், ஆக்சிஜனுக்குப் பதிலாகக் கடல்நீரில் உள்ள சல்பேட்டை வைத்துச் சுவாசிக்கின்றன. உதிர்ந்த இலையையும் செத்த பாசியையும் சிதைத்து, அதன் சத்தை மறுபடி உயிர்ச்சுழற்சிக்குள் அனுப்புவது அவைதான். அவற்றுக்கு மேலே புழுக்கள், புழுக்களுக்கு மேலே வளை தோண்டும் நண்டுகள், பகலில் சேற்றுக்குள் புதைந்து இரவில் மேய வெளிவரும் இறால்கள். நண்டு தோண்டும் ஒவ்வொரு வளையும் சேற்றுக்குள் காற்றையும் நீரையும் கொண்டு போகிறது. வயலில் மண்புழு செய்யும் வேலை அது. நாறும் சேறு உயிருள்ள சேறு. நாறாத சாம்பலில் நாறுவதற்குக்கூட ஓர் உயிர் இல்லை.

இந்திய அனல்மின் நிலையங்கள் எரிக்கும் நிலக்கரியில் 100 டன்னுக்கு 30 முதல் 45 டன் வரை சாம்பலாக மிஞ்சும். எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-ல் மின் உற்பத்தியைத் தொடங்கி 2017 மார்ச்சில் மூடப்பட்டது. அதற்குள் வட சென்னை அனல்மின் நிலையம் 1990களின் நடுவில் முதல் கட்டமாகவும், 2013, 2014-ல் இரண்டாம் கட்டமாகவும் எழுந்துவிட்டது. பக்கத்திலேயே வல்லூரில் 1,500 மெகாவாட் நிலையம் வந்தது. 2024 மார்ச்சில் வட சென்னையின் மூன்றாம் கட்டமாக 800 மெகாவாட் அலகு ஒன்றும் திறக்கப்பட்டது. வட சென்னை நிலையத்தின் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் கூழாக்கி, குழாய் வழியே செப்பாக்கத்தில் உள்ள சாம்பல் குளத்துக்குத் தள்ளுவது வழக்கம். குழாய்ப்பாதை கொசஸ்தலை ஆற்றைச் சேர்ந்த நீர்ப்பரப்பைக் கடந்துதான் போக வேண்டும். உடைந்த குழாய்களிலிருந்து பல ஆண்டுகள் அந்தக் கூழ் ஆற்றில் இறங்கியது.

சாம்பலை உருப்பெருக்கியில் பார்த்தால் பெரும்பாலும் நுண்ணிய கண்ணாடி உருண்டைகளாகத் தெரியும். சிலிக்காவும் அலுமினாவும் உலை வெப்பத்தில் உருகி, பறந்துகொண்டே உறைந்தவை அவை. நைட்ரஜனும் கரிமப் பொருளும் உலையிலேயே எரிந்து போய்விட்டன. நிலக்கரியில் தடயமாக இருந்த ஆர்சனிக், ஈயம், காட்மியம், போரான் ஆகியவை மட்டும் கரி எரிந்துபோனதால் செறிவு கூடி நிற்கின்றன. நுண்துகள்கள் நெருக்கமாக அமர்ந்து இறுகிவிடும். வேருக்கும் வழியில்லை, நண்டுக்கும் வழியில்லை.

ஆனால் எண்ணூரில் நடந்த பெரிய கேட்டை விளக்க வேதியியலைவிட ஒரு கணக்கு போதும். சென்னைக் கரையில் கடல் ஏறி இறங்கும் உயரம் பெரிய ஓதத்தின்போதே ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். கழிமுகத்தின் உயிர் முழுவதும் இந்த ஒரு மீட்டருக்குள் அடுக்கப்பட்டிருக்கிறது. எப்போதும் நீரில் கிடக்கும் தரை, நாளுக்கு இருமுறை நனையும் தரை, அமாவாசை பௌர்ணமிக்கு மட்டும் நனையும் தரை என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குடிகள் உண்டு. அங்கே அரை மீட்டர் சாம்பல் படிந்தால் ஆழம் குறைந்தது என்று மட்டும் சொல்லிவிட முடியாது. நாள்தோறும் நனைந்த இடம் மாதம் இருமுறை நனையும் இடமாகிவிட்டது. நனைந்து காய்ந்து, நனைந்து காய்ந்து, உப்பு மட்டும் மேலே தங்கும். அலையாத்தி மரங்கள் பட்டுப்போவதற்கு நஞ்சே வேண்டாம்; இந்த உயர மாற்றம் போதும். இந்த அத்தியாயத்தில் நான் சொல்ல வருவது முழுவதும் இந்தக் கணக்கிலிருந்துதான் பிறக்கிறது. கெட்ட நிலத்தை மீட்பதில் முதல் வேலை நீரின் வழியைத் திருத்துவது. விதையும் நாற்றும் அதற்குப் பிறகு.

கழிமுகத்தை நிலம் என்றும் அங்கே நடப்பதை வேளாண்மை என்றும் சொல்லலாமா என்று வாசகருக்குத் தோன்றலாம். தாராளமாகச் சொல்லலாம். காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், சிவன்படைக்குப்பம் மீனவர்களுக்கும், சேற்றில் கைகளால் தடவி இறால் பிடித்துப் பறியில் போடும் இருளர் குடும்பங்களுக்கும் அந்தச் சேறுதான் வயல். எந்த மடுவில் எந்த மாதத்தில் வெள்ளை இறால் சேரும், எங்கே தரை மணலாக இருக்கிறது, எங்கே களியாக இருக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்குக் காலடியிலேயே தெரியும். சற்று வடக்கே பழவேற்காட்டில் நூற்றாண்டுகளாக இருக்கும் பாடு முறையைப் பாருங்கள். யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்பதை ஊர் கூடித் தலைக்கட்டுக் கணக்கில் சீட்டுப் போட்டு முடிவு செய்கிறார்கள். ஒருவரே நல்ல இடத்தைப் பிடித்துவைத்துக்கொள்ள முடியாது. பொதுச் சொத்தை மக்களே ஆள முடியும் என்பதை ஆய்வாளர்கள் அமெரிக்க அறிஞர் எலினார் ஆஸ்ட்ரமின் நூல்களிலிருந்து எடுத்துக்காட்டுவது வழக்கம். நம் ஊரில் அது அன்றாட நடைமுறை.

கழிமுகத்துக்கு மேற்கே மீஞ்சூர்ப் பக்கம் போனால் கேடு வேறு வடிவத்தில், நிலத்துக்கு அடியில் இருக்கிறது. ஆரணியாற்றுக்கும் கொசஸ்தலைக்கும் இடைப்பட்ட வண்டல் நிலம் நெல் விளையும் பூமி. அதன் மணற்படுகைகளில் நல்ல தண்ணீர் நிறைந்திருந்தது. 1960களின் இறுதியில் அதை ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு அளந்தார்கள். பிறகு மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளில் ஆழ்குழாய்க் கிணறுகள் அமைத்து நகரத்துக்கும் மணலித் தொழிற்சாலைகளுக்கும் நீர் எடுத்தார்கள். விவசாயிகளும் இறைத்தார்கள். 1969-ல் கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் தூரத்தில் இருந்த உப்புநீர் எல்லை, 1980களின் பிற்பகுதியில் சுமார் 9 கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது.

இது ஏன் இவ்வளவு வேகமாக நடந்தது? நல்ல தண்ணீர் கடல்நீரைவிடச் சற்றே இலேசானது. நிலத்தடியில் இரண்டும் சந்திக்கும்போது நல்ல நீர் உப்புநீரின் மேல் மிதக்கும். அடர்த்தி வித்தியாசம் 40-ல் 1 பங்கு. ஆகவே கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நல்ல நீர் நின்றால், அது கீழே 40 மீட்டர் ஆழம் வரை உப்பைத் தள்ளி வைத்திருக்கும். இதை நெதர்லாந்தின் கைபனும் ஜெர்மனியின் ஹெர்ஸ்பெர்கும் 19-ம் நூற்றாண்டின் முடிவை ஒட்டித் தனித்தனியே கண்டார்கள். கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். மேலே ஒரு மீட்டர் நீர்மட்டத்தை இறைத்துத் தீர்த்தால் கீழே 40 மீட்டர் உப்பு மேலேறும். மீஞ்சூர் வயல்களில் மோட்டார் நீர் உப்புக் கரிக்கத் தொடங்கியது இப்படித்தான். பின்னாளில் அதே மீஞ்சூருக்கு அருகே காட்டுப்பள்ளியில், கடல்நீரைக் குடிநீராக்கும் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் ஆலை 2010-ல் திறக்கப்பட்டது. நிலத்தடியில் இலவசமாகக் கிடைத்த நீரை இழந்த இடத்தில், மின்சாரம் செலவழித்து உப்பைப் பிரிக்கிறோம். இது எனக்கு மிகவும் வருத்தம் தரும் செய்தி.

சாம்பல் மேலே, உப்பு கீழே. இப்படிப்பட்ட நிலத்தை ஊர் சேர்ந்து மீட்ட முன்மாதிரி உண்டா? தமிழ்நாட்டுக் கரையிலேயே இரண்டு இருக்கின்றன. இரண்டையும் சற்று நின்று பார்க்க வேண்டும்.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நாகப்பட்டினம் மாவட்டத்தின் வயல்களுக்குள் புகுந்தது. நெற்பயிர் பாலேறும் பருவம். நீர் வடிந்தபோது வயலில் கடற்களியும் மணலும் படிந்து கிடந்தன, குளங்கள் உப்பாகிவிட்டன. இந்த நிலம் இனிப் பல ஆண்டுகள் விளையாது என்ற அச்சம் பரவலாக இருந்தது. கோ. நம்மாழ்வாரும் இயற்கை விவசாய இயக்கத்தினரும் அங்கே வந்து ஊர் ஊராக உட்கார்ந்து பேசினார்கள். படிந்த களியைச் சுரண்டி அகற்றுவது, வரப்பை உயர்த்தி மழைநீரைத் தேக்கி வடிப்பது, ஆழ உழுவது, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவது, தொழுவுரம் இடுவது. வேலைத்திட்டம் இவ்வளவுதான். கருவிகள் எல்லாம் ஊரில் இருந்தவை.

இதன் அறிவியல் சுவையானது. கடல்நீர் புகுந்த நிலத்தில் முதலில் இருப்பது உவர். மண்நீரில் உப்பு அதிகமாகிவிட்டால், நீர் இருந்தும் வேரால் அதை உறிஞ்ச முடியாது. பயிர் ஈரத்தில் நின்றுகொண்டே தாகத்தால் வாடும். நல்ல மழை பெய்து, நீர் வடிய வழியும் இருந்தால் இந்த உப்பு கரைந்து போய்விடும். ஆபத்து அதன்பிறகுதான். உப்பு கழுவப்படும்போது களித்துகள்களின் மேல் சோடியம் ஒட்டிக்கொண்டால், துகள்கள் ஒன்றையொன்று விலக்கித் தனித்தனியாகப் பிரிந்துவிடும். மழை பெய்தால் சேறாகக் குழைந்து துளைகளை அடைத்துக்கொள்ளும், காய்ந்தால் ஓடாக இறுகும். அப்போது உவர் நிலம் களர் நிலமாகிறது. களர் நிலத்தில் நீர் கீழே இறங்காததால் கழுவவும் முடியாது.

சோடியத்தை விரட்டக் கால்சியம் வேண்டும். வேளாண் துறை ஜிப்சம் பரிந்துரைப்பது இதற்காகத்தான். அது சரியான பரிந்துரைதான். தக்கைப்பூண்டு அதே வேலையின் ஒரு பகுதியை வேறு வழியில் செய்கிறது. ஏக்கருக்கு 20 கிலோ அளவுக்கு விதைத்தால் உப்பையும் நீர்த்தேக்கத்தையும் தாங்கி வளரும். அதன் வேர் மண்ணைத் துளைத்து நீருக்கு வழி திறக்கிறது. வேர்கள் வெளிவிடும் கரியமில வாயு நீரில் கலந்து மெல்லிய அமிலமாகி, மண்ணில் சுண்ணாம்பு இருந்தால் அதைக் கரைத்துக் கால்சியத்தை விடுவிக்கிறது. வேர்முடிச்சில் வாழும் பாக்டீரியாக்கள் காற்றின் நைட்ரஜனைப் பிடித்துத் தருகின்றன. சுமார் 45 நாளில், பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதால், தழை அழுகும்போதும் அமிலம் ஊறும், களித்துகள்கள் மறுபடி கொத்துக்கொத்தாகத் திரளும். அதன்மேல் குழியடிச்சான், களர்ப்பாளை போன்ற உப்பைப் பொறுக்கும் நாட்டு நெல் ரகங்கள். இவை கடலோர உழவர்கள் பல தலைமுறையாகத் தெரிந்தெடுத்தவை.

இங்கே நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். 2005-ன் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் கொட்டித் தீர்த்தது. நாகையின் உப்பில் பெரும்பங்கைக் கழுவியது அந்த மழைதான். இயற்கை விவசாய இயக்கத்தினர் தெளித்த பஞ்சகவ்யம், அமுதக் கரைசல் என்னும் ஊட்டக் கரைசல்களின் பங்கு என்ன என்று பிரித்தறியும்படியான அளவீடுகள் வலுவானவை அல்ல. ஆர்வலர்கள் சில நேரம் மழைக்குரிய பெருமையையும் கரைசலுக்கே தந்துவிடுகிறார்கள். ஆனால் மழை வந்தபோது வரப்பு உயர்ந்திருந்த வயலும் வடிகால் தூர்வாரப்பட்ட ஊரும்தான் அந்த மழையைப் பயன்படுத்திக்கொண்டன. வடிகால் ஒருவர் வயலோடு நிற்பதில்லை. என் வயலின் உப்பு உங்கள் வயல் வழியாகத்தான் வாய்க்காலுக்குப் போக வேண்டும். நிலமீட்பு ஊர்க் காரியமாக இருப்பதற்கு நீரியலே காரணம்.

இலங்கையின் மட்டக்களப்புப் பகுதியில் கிணறுகள் கற்பித்த பாடமும் இதோடு சேர வேண்டியது. அங்கே அதே ஆழிப்பேரலையால் உப்பான கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்துச் சுத்தம் செய்ய நல்லெண்ணத்தோடு பலர் முனைந்தார்கள். பின்னர் ஆராய்ந்தவர்கள், அளவுக்கு மீறி இறைப்பது அடியிலுள்ள உப்புநீரை மேலிழுக்கும் என்றும், மழை ஊறித் தானாகத் தெளிய விடுவதே மேல் என்றும் எச்சரித்தார்கள். மேலே பார்த்த 40-க்கு 1 கணக்குதான் இங்கேயும்.

இரண்டாவது முன்மாதிரி பிச்சாவரம். அங்கே அலையாத்திக் காடு அழிந்த காரணத்தை நெடுங்காலம் தவறாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஊர் மக்கள் விறகு வெட்டினார்கள், மாடு மேய்த்தார்கள், அதனால் அழிந்தது என்று. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தினர் 1990களில் நிலத்தின் மட்டத்தை அளந்து பார்த்தபோது வேறு உண்மை தெரிந்தது. ஆங்கிலேயர் காலம் தொடங்கி 1970கள் வரை வனத்துறையே காட்டைக் கூறு கூறாகப் பிரித்து மொத்தமாக வெட்டி விற்று வந்தது. மரம் போன இடத்தில் சேறு வெயிலில் காய்ந்து சுருங்கி அமிழ்ந்தது. நடுவில் குழிந்த தட்டுப் போலானது நிலம். ஓதத்தில் உள்ளே வந்த நீர் வெளியேற வழியின்றி நின்று ஆவியாகி, கடல்நீரைவிட உப்புக் கூடியது. அலையாத்தி உப்பைத் தாங்கும். அந்த உப்பைத் தாங்காது.

தீர்வு நாற்றில் இல்லை, மண்வெட்டியில் இருந்தது. நடுவே ஒரு பெரிய வாய்க்கால், அதன் இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள் என மீன்முள் வடிவத்தில் வெட்டினார்கள். ஓதம் தாழ்ந்த நிலத்தின் மூலை வரை வந்து திரும்பும்படி ஆயிற்று. உப்பு இறங்கியது. அதன்பிறகே வெண்கண்டல் நாற்றுகளும் விதைகளும் ஊன்றப்பட்டன. முத்துப்பேட்டையில் மீனவர்கள் வாய்க்கால் வெட்டி மீன்பிடிக்கும் பழைய வழக்கம் உண்டு. அந்த வாய்க்கால்களின் கரையில் அலையாத்தி செழிப்பதை எவரும் பார்க்கலாம். ஆய்வாளர்கள் அளந்து நிறுவியதை மீனவர்கள் முன்னமே செய்து வைத்திருந்தார்கள். ஊர்களில் மன்றங்கள் அமைந்தன. மீனவர்களும் இருளர்களும் வாய்க்கால் வெட்டினார்கள், கூலி பெற்றார்கள், பிறகு தூர்வாருவதையும் காவலையும் பார்த்துக்கொண்டார்கள். வாய்க்கால் தூர்ந்தால் நண்டும் இறாலும் குறையும் என்பதால் அதைப் பராமரிப்பதில் அவர்களுக்கு நேரடி நன்மை இருந்தது. சுமார் 15 ஆண்டுகளில் பிச்சாவரத்தின் அலையாத்திப் பரப்பு ஏறத்தாழ 90 சதவீதம் கூடியதைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின.

இதற்கு எதிர்மாறான சான்று பாக் நீரிணைக்கு அப்பால் இருக்கிறது. ஆழிப்பேரலைக்குப் பிறகு இலங்கையில் 1,000 ஹெக்டேருக்கு மேல் அலையாத்தி நட்டார்கள். 2017-ல் வெளியான ஆய்வு, அதில் ஐந்தில் ஒரு பங்கு அளவே பிழைத்ததாகக் கண்டது. பார்வையிட்ட 23 இடங்களில் 9 இடங்களில் ஒரு செடிகூட மிஞ்சவில்லை. இடத்தின் உயரம், நனையும் நேரம், உப்பு எதையும் பாராமல் கிடைத்த சேற்றில் கிடைத்த நாற்றை ஊன்றியதன் விளைவு அது. அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் ராபின் லூயிஸ் என்ற சூழலியலாளர் வாழ்நாள் முழுதும் வலியுறுத்தியதும் இதைத்தான். நீரோட்டத்தைச் சரிசெய்தால் விதை தானே மிதந்து வந்து முளைக்கும். சரிசெய்யாவிட்டால் நட்டதும் சாகும். நாற்று நடும் விழாவைப் படம் எடுப்பது எளிது. வாய்க்காலின் சாய்மானத்தைப் படம் எடுக்க முடியாது. வாரியங்களும் நிறுவனங்களும் நாற்றுக் கணக்கையே நாடுவதற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இந்த அறிவோடு எண்ணூருக்குத் திரும்பலாம்.

ஆற்றிலும் திட்டுகளிலும் உள்ள சாம்பலை அகற்றுவதுதான் முதல் வேலை. எவ்வளவு ஆழத்துக்கு என்பதுதான் கேள்வி. இயந்திரத்தை இறக்கி வாரினால் சாம்பலோடு அடியிலிருக்கும் கருஞ்சேறும் போய்விடும். வெறும் பள்ளம் மிஞ்சும், அங்கே நீர் நிற்கும், பிச்சாவரத்துக் குழிந்த தட்டு இங்கேயும் உருவாகும். சாம்பல் எங்கே முடிகிறது, பழைய தரை எங்கே தொடங்குகிறது என்பதைத் திட்டுக்குத் திட்டு ஊன்றி அறிய வேண்டும். மூங்கிற்கழியை ஊன்றி ஆழம் பார்க்கும் மீனவருக்கு அந்த வேறுபாடு கையில் தட்டுப்படும். மண் மாதிரி எடுக்கும் குழுவில் அவர் கூலியாளாக அல்லாமல் அளவையாளராக இருக்க வேண்டும் என்று கேட்பது இதனால்தான்.

இரண்டாவது சிக்கல் உயிருள்ளது. தென் அமெரிக்கக் கரைகளைச் சேர்ந்த ஒரு சிப்பி, மீனவர்கள் காக்கா ஆழி என்று அழைப்பது, எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் ஆற்றுத் தரை முழுவதும் பாய் விரித்தாற்போல் படர்ந்துவிட்டது. கப்பல்கள் சமநிலைக்காக ஏற்றி இறக்கும் நீரோடு வந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. அது படர்ந்த இடத்தில் இறால் புதைய முடியாது. இறங்கித் தடவினால் கை கிழியும். சாம்பலை எடுத்துவிட்டுக் காக்கா ஆழியை விட்டுவைத்தால் வயல் மீண்டதாகாது. அதைத் தொடர்ந்து அகற்றும் வேலையை ஊருக்கே ஊதியத்தோடு ஒப்படைப்பது அறிவுடைமை. ஒரு முறை வாரிவிட்டுப் போனால் அடுத்த பருவத்தில் குஞ்சு மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

அகற்றவே முடியாதபடி சாம்பல் குவிந்த மேட்டுநிலத்துக்கு வழி வேறு. அங்கே கீரையும் காய்கறியும் பயிரிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சாம்பலை நிலத்தில் கலந்தால் விளைச்சல் கூடும் என்று காட்டும் ஆய்வுகள் உண்டு; நல்ல மண்ணில் சிறிதளவு கலப்பதற்கும் சாம்பலே மண்ணாக இருப்பதற்கும் வெகுதூரம். இலைக் காய்கறிகள் காட்மியத்தையும் ஈயத்தையும் இழுத்துச் சேர்க்கக்கூடியவை. ஏற்கெனவே இந்தக் காற்றைச் சுவாசிக்கும் குழந்தைகளின் தட்டில் அதையும் வைப்பது பெரும் பிழை. உண்ணாத பயிர்தான் அங்கே பொருந்தும். சவுக்கின் வேரில் ஃபிராங்கியா என்ற நுண்ணுயிர் குடியிருந்து காற்றின் நைட்ரஜனைப் பிடித்துத் தருவதால், சத்தற்ற மணலிலும் அது நிற்கும். பொன்னேரி வட்டாரத்துக்கு அது பழகிய பயிர். வெட்டிவேர் கீழ்நோக்கி ஆழமாக வேரிட்டு மண்ணைப் பிடித்து நிறுத்தும். டெல்லியின் டெரி நிறுவனம் பதர்பூர், கோர்பா சாம்பல் குளங்களில் வேர்ப்பூஞ்சை சேர்த்து நட்டு பசுமையை நிலைக்க வைத்தது. பூஞ்சையின் நூலிழைகள் வேர் எட்டாத இடத்திலிருந்து பாஸ்பரஸைக் கொண்டுவந்து தருகின்றன. சாம்பல் பறப்பது நின்றாலே பக்கத்து ஊர்களுக்குப் பெரிய விடுதலை.

மீஞ்சூர் வயல்களுக்கு நாகை வழி பொருந்தும், ஒரு வேறுபாட்டோடு. நாகையில் உப்பு மேலிருந்து வந்தது, ஒரே நாளில். இங்கே கீழிருந்து, அரை நூற்றாண்டாக. தக்கைப்பூண்டும் நாட்டு நெல்லும் மேல்மண்ணைக் காக்கும். அடிநீரை அவை காக்க மாட்டா. ஏரிகளையும் தாங்கல்களையும் தூர்வாரி, ஆரணியாற்றிலும் கொசஸ்தலையிலும் தடுப்பணைகளில் நீரை நிறுத்தி, இறைப்பையும் குறைத்தால்தான் அந்த ஒரு மீட்டர் நல்ல நீர் மேலே திரும்பும். ஒருவர் குறைத்து மற்றவர் கூட்டினால் பயனில்லை. பழவேற்காட்டுப் பாடு முறை போல முறைவைத்து இறைக்கும் ஒப்பந்தம் ஊர்களுக்குள் வர வேண்டும். நகரத்துக்கும் ஆலைகளுக்கும் எடுக்கும் நீரையும் அந்தக் கணக்குக்குள் கொண்டுவர வேண்டும். உழவரை மட்டும் கட்டுப்படுத்துவது நியாயமாகாது.

இவற்றில் எதையும் தொடங்கச் சட்டத் தடை இல்லை. 1996-ல் ஒப்புதல் பெற்ற கடற்கரை மண்டல மேலாண்மை வரைபடம் எண்ணூர்க் கழிமுகத்தின் 6,000 ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பைக் கட்டுமானம் கூடாத பகுதியாகக் காட்டுகிறது. காட்டுக்குப்பம் மீனவர்கள் பல ஆண்டுகள் படியேறிய வழக்கில், தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு வல்லுநர் குழு அமைத்தது. சாந்தா ஷீலா நாயர் தலைமையிலான அந்தக் குழு ஆற்றையும் சாம்பலையும் ஆராய்ந்து அறிக்கை தந்தது. 2022 ஜூலையில் தீர்ப்பாயம் மின்வாரியத்தைப் பொறுப்பாக்கி, சீரழிவைச் சரிசெய்ய உத்தரவிட்டது. அடுத்த ஆண்டே மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக வந்து கழிமுகத்தில் பரவியது. மிச்சமிருந்த அலையாத்திகளின் மூச்சுவேர்களில் அது ஒட்டிக்கொண்டது. மீட்புப் பணி வெள்ளைத்தாளில் தொடங்குவதில்லை. ஒரு காயம் ஆறும் முன்பே அடுத்தது வந்துவிடும் இடம் இது.

அதனால் நாற்று எண்ணிக்கைக்குப் பதிலாக நான்கு அளவீடுகளை ஆண்டுதோறும் ஊர்ப் பொதுவில் படித்துக் காட்ட வேண்டும். திட்டுகளின் உயரம், சேற்றின் உப்பு, சதுர மீட்டருக்கு எத்தனை நண்டு வளை, கைத்தடவலில் ஒருவருக்குக் கிடைத்த இறாலின் எடை. முதல் இரண்டுக்கு ஐஐடியோ அண்ணா பல்கலைக்கழகமோ கருவி தரட்டும். பின்னிரண்டை ஊரே எண்ணும். வளைகள் கூடாத ஆண்டில் அடுத்த தவணைப் பணம் நாற்றுக்குப் போகக் கூடாது, வாய்க்காலுக்கே போக வேண்டும். அந்த முடிவை எடுக்கும் குழுவில் குப்பங்களின் வாக்கு துறைகளின் வாக்குக்குக் குறையாமல் இருக்க வேண்டும். சாம்பல் கூழ்க் குழாய்களின் ஒவ்வொரு இணைப்பையும் சோதிக்கும் பதிவேடும் அந்தக் குழுவின் மேசைக்கே வர வேண்டும்.